துணிக்கடை இருப்புக்கு பார்கோடா, ஆர்எஃப்ஐடி டேகா?

பார்கோடின் 13 இலக்கம் எந்த ரகம், எந்த அளவு என்று மட்டும்தான் சொல்லும். ஒரே மாதிரிப் பத்துச் சட்டைக்கும் ஒரே எண். ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சிறு சிப் அட்டைதான் ஆர்எஃப்ஐடி டேக். அதன் 96 பிட் குறியீட்டில் ஒவ்வொரு சட்டைக்கும் தனி வரிசை எண் இருப்பதால், ஒன்றையே இரண்டு முறை எண்ணும் குழப்பம் வராது. டேகைப் படிக்கும் ரீடரை அலமாரி ஓரமாக மெல்ல நகர்த்தினால் போதும், மடிப்பைப் பிரிக்காமலே கணக்கு வந்துவிடும். துணிக்கு இதுதான் சரி.

ஆனால் இரும்பு ரேக்கை ஒட்டி டேக் இருந்தால் அதன் ஆன்டெனாவின் அதிர்வெண் நகர்ந்து, ரீடருக்குச் சிக்காது. ஷாம்பூ, தண்ணீர் பாட்டில்கள் அலையை உறிஞ்சிவிடும். ரீடரின் பவரைக் கூட்டி வைத்தால் பக்கத்து அறைச் சரக்கும் கணக்கில் ஏறும். குறைவாக வைத்துத் தொடங்குங்கள். மளிகைக்கு பார்கோடே போதும்: உறையோடு சேர்த்து அச்சிடுவதால் தனிச் செலவே இல்லை.