திடீர் விருந்தாளிக்கு எது: கொத்துரொட்டியா, கடை இடியப்பமா, ரின் மீனா?

பின்னேரம் ஐந்து மணிக்கு போன் வரும். "மாங்குளம் தாண்டிட்டம், இரவைக்கு உங்கட வீட்டதான்." ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு வந்து சேர அவர்களுக்கு ஒரு மணித்தியாலமும் பிடிக்காது. அதற்குள் மா குழைத்து, பிழிந்து, அவித்து முடியாது. கடையில் ஏதாவது வாங்கத்தான் வேண்டும்.

பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கொத்துரொட்டி. பிள்ளைகளுக்கு விருப்பம்தான். தட்டில் கொத்திய சூட்டோடு சாப்பிட்டால் நல்ல சாப்பாடும்கூட. ஆனால் பரந்தன் சந்தியில் பார்சல் கட்டி தர்மபுரம் போய்ச் சேர்வதற்குள் ரொட்டி இறுகிவிடும். அதோடு, முட்டையும் இறைச்சியும் கொத்திய அதே தட்டில்தான் மரக்கறிக் கொத்தும் போடுவார்கள். வெள்ளிக்கிழமை விரதகாரருக்கும், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காக மச்சம் விலக்கியிருப்பவர்களுக்கும் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது. வயதானவர்களில் பலர் 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் நிவாரணக் கோதுமை மாவிலும் பருப்பிலும் நாளைக் கழித்தவர்கள். அவர்களுக்கு இரவில் கோதுமை மாச்சாப்பாடு வைக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் தெரிவு கடை இடியப்பம். நேரத்தை எடுத்துக் கைவலியைத் தருவது பிழிகிற வேலை, அதைக் கடைக்கு விட்டுவிடலாம். சிவப்பரிசி மா இடியப்பம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மாலையில் வாங்கியது ஓரம் காய்ந்திருந்தால், லேசாகத் தண்ணீர் தெளித்து மூன்று நான்கு நிமிடம் ஆவியில் வையுங்கள், பூப்போல வந்துவிடும்.

ஆனால் சொதி வீட்டில்தான் வைக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். கடையில் பையில் கட்டித் தரும் சொதி மஞ்சள் தண்ணீர். ஒரு தேங்காய் துருவிப் பிழிய பத்து நிமிடம் போதும். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டுக் கப்பிப்பாலில் (இரண்டாம் பாலில்) அவியவிட்டு, கடைசியில் முதற்பாலை விட்டு, நுரைத்து வரும்போதே இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் பால் திரைந்துவிடும். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான். பால்மாப் பைக்கற்றில் வைத்தாலும் சொதி வரும், ஆனால் தேங்காய்ப்பாலின் இனிப்பு அதில் இல்லை. போன மாதம் வந்த மாமி இடியப்பத்தைத் தொட்டுப் பார்த்து, "கடையிலயோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். சொதியை மூன்றாம் தரமும் விட்டுச் சாப்பிட்டார்.

சோயாமீற்றை விருந்துக்கு நான் எடுப்பதில்லை. மரக்கறிக்காரர் வந்தால் கத்தரிக்காய்ப் பால்கறியே போதும், அதற்கும் அதே அளவு நேரம்தான்.

ரின் மீன், மச்சம் சாப்பிடுபவர்களுக்கு இடியப்பத்தோடு வைக்க நல்ல துணை. 425 கிராம் ரின் ஒன்று நான்கு பேருக்குக் காணும். அது ரின்னுக்குள்ளேயே வெந்த மீன், முள்ளும் மெத்தென்றிருக்கும். அதனால் உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, வெங்காயமும் வறுத்த மிளகாய்த்தூளும் புளியும் கொதித்துத் தடித்த பிறகே மீனைப் போடுங்கள். முந்திப் போட்டால் கரைந்து களியாகிவிடும். முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டாலே இரண்டு மீன் கிடைக்கும்.