லாட்ஜ் வைஃபைக்கு ஓபன்என்டிஎஸ்: ராமேஸ்வரம் கடலோரத்தில் நீண்ட நாள் பயன்பாடு

ராமேஸ்வரம், ஏர்வாடி, தேவிபட்டினம் என யாத்திரைக் கூட்டம் வந்து தங்கிப் போகும் ஊர்களில், லாட்ஜ் வைஃபைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்பது சரிப்படாது. நேற்று அறையைக் காலி செய்தவரிடமும் அது இருக்கும், எதிர்க் கடையிலும் இருக்கும். பிரவுசரில் லாகின் பக்கம் காட்டி, கூப்பன் எண்ணைக் கேட்டு உள்ளே விடும் மென்பொருள்தான் வழி. ஓபன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற இலவச இயங்குதளம் போட்ட ரவுட்டரில் ஓடும் ஓபன்என்டிஎஸ் (openNDS) அதற்கு நம்பி வைக்கத் தகுந்தது. இலவசம், வெளி சர்வர் வேண்டாம். ஆனால் போட்டவுடன் இருக்கும் அமைப்பிலேயே விட்டால் இந்தக் கடலோரத்துக்குத் தாங்காது.

முதல் எதிரி கரண்ட் கட். ஓபன்என்டிஎஸ்ஸோடு சமூகப் பங்களிப்பாகக் கிடைக்கும் கூப்பன் ஸ்க்ரிப்ட், ஒவ்வொரு கூப்பனும் முதலில் எப்போது பயன்பட்டது என்பதை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைத்து, அதிலிருந்து மீதி நேரத்தைக் கணக்கிடுகிறது. ரவுட்டரில் அந்தக் கோப்பு ராம் நினைவில்தான் இருக்கும்; கரண்ட் போனால் பட்டியலும் போய்விடும். அதை ரவுட்டரின் நிரந்தர நினைவான ஃபிளாஷுக்கு மாற்றாதீர்கள், ஓயாமல் எழுதி எழுதி ஃபிளாஷ் தேய்ந்துவிடும். லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) முறையில் ஃபார்மேட் செய்த சிறிய பென்டிரைவைச் செருகி, அமைப்புக் கோப்பில் லாக் மவுண்ட்பாயிண்ட் (log_mountpoint) என்ற இடத்தில் அதன் பாதையைக் கொடுங்கள். பென்டிரைவ் கெட்டால் வேறொன்று போட்டுக்கொள்ளலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் கடிகாரம். சாதாரண ரவுட்டரில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் ஓபன்டபிள்யூஆர்டி, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவில் கடைசியாக மாற்றிய கோப்பின் தேதியையே நேரமாக எடுத்துக்கொள்ளும். அது பல நாள் பழைய தேதியாக இருக்கலாம். ஃபைபர் மோடம் எழுந்து, இணையம் வந்து, இணையம் வழி நேரம் பெறும் என்டிபி சரியான நேரத்தைக் கொடுக்கும்வரை இதே நிலைதான். அந்த இடைவெளியில் ஒருவர் புதுக் கூப்பனைப் போட்டால் பழைய தேதி பதிவாகும். நேரம் சரியானதும் கூப்பன் காலாவதி ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கியவர் ரிசப்ஷனில் வந்து நிற்பார், அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஃபைபர் மோடம், ரவுட்டர் இரண்டுக்குமே 12 வோல்ட் மினி யூபிஎஸ் போடுவதுதான் நல்ல தீர்வு. அது முடியாவிட்டால் ஓபன்என்டிஎஸ் தானாகத் தொடங்குவதை நிறுத்திவிட்டு, ஏதாவது நிகழும்போது தானாக ஓடும் ஸ்க்ரிப்ட்களை வைக்கும் ஹாட்பிளக் அடைவின் என்டிபி பகுதியில் (/etc/hotplug.d/ntp) ஒரு சிறு ஸ்க்ரிப்ட் எழுதி, நேரம் கிடைத்த பிறகு தொடங்க வையுங்கள். அதுவரை வைஃபை லாகின் இல்லாமல் திறந்திருக்கும். வாடிக்கையாளரின் கூப்பன் வீணாவதைவிடச் சில நிமிடம் சும்மா கொடுப்பது மேல்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டத்தில் வேறு ஒன்று கவிழும். ஓபன்டபிள்யூஆர்டி இயல்பாகக் கொடுக்கும் ஐபி முகவரிகள் 150, ஒவ்வொன்றும் 12 மணி நேரம் பிடித்து வைக்கப்படும். கூப்பன் வாங்காதவர் போன் ஒட்டிக்கொண்டாலும் ஒரு முகவரி போய்விடும். நெட்வொர்க் முகவரி அளவை 22 பிட்டாக்கினால் (/22) 1022 முகவரிகள் கிடைக்கும். முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் டிஎச்சிபி-யின் எல்லையையும் அதற்கேற்ப உயர்த்தி, பிடிப்பு நேரத்தை ஒரு மணியாகக் குறையுங்கள். ஓபன்என்டிஎஸ்ஸின் அதிகபட்ச ஆள் எண்ணிக்கையும் 250-ல் நிற்கும், மாற்ற மறக்கக் கூடாது.

“லாகின் பக்கமே வரலை” என்ற புகாருக்குப் பெரும்பாலும் போன்தான் காரணம். மறையாக்கம் செய்த எச்டிடிபிஎஸ் தளத்தை லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட முடியாது. முயன்றால் சான்றிதழ் எச்சரிக்கைதான் வரும். போன் தானாகச் சோதித்து ‘வைஃபையில் உள்நுழைக’ என்று காட்டுவதைத் தொட வேண்டும். அது வராவிட்டால் மொபைல் டேட்டாவை அணைத்து, ஆண்ட்ராய்டில் ப்ரைவேட் டிஎன்எஸ்ஸையும் விபிஎன்னையும் நிறுத்தி, பிரவுசரில் எச்டிடிபி முன்னொட்டோடு ‘ஸ்டேட்டஸ் டாட் கிளையண்ட்’ (http://status.client) என்று அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு அதே முகவரியில் மீதி நேரம் தெரியும். இந்த வரியை அறைக்கதவில் தமிழிலும் இந்தியிலும் ஒட்டி வைத்தால் ரிசப்ஷன் பாடு பாதி குறையும்.

ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் தனி மேக் முகவரி (ரவுட்டர் போனை அடையாளம் காணும் எண்) காட்டுகின்றன. அது ஒரே வைஃபைக்குப் பெரும்பாலும் மாறாது. ‘மறந்துவிடு’ கொடுத்துத் திரும்பச் சேர்ந்தால் சில போன்களில் மாறும். அப்போது அதே எண்ணை இன்னொரு முறை போட வேண்டியிருக்கும்.

லாகின் பக்கத்தில் வெளித் தளத்து எழுத்துரு, படம் எதுவும் வேண்டாம். லாகின் ஆகும் முன் போனுக்கு இணையமே இல்லை, அவை இறங்காது. அதே காரணத்தால் அந்தப் பக்கத்தில் யுபிஐ வசூலும் வேண்டாம். ஒவ்வொரு செயலியும் எத்தனையோ டொமைன்களைத் தொடும், எல்லாவற்றையும் திறந்துவிட்டு மாளாது. ரிசப்ஷனில் காசு வாங்கிக் கூப்பன் கொடுப்பதே போதும். அடையாள அட்டை நகலை அங்கேயே வாங்குவதால், கூப்பன் எண்ணையும் பதிவேட்டில் அறை எண்ணுக்கு நேரே எழுதிவிடலாம். கூப்பனுக்குப் பதில் எஸ்எம்எஸ் ஓடிபி முறைக்குப் போனால், வணிக எஸ்எம்எஸ்களுக்கான பதிவுத் தளமான டிஎல்டி-யில் அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் பதிய வேண்டும். பதிந்த வாசகத்தோடு பொருந்தாத எஸ்எம்எஸ் போய்ச் சேராது. சிக்னல் எட்டாத உள்ளறையில் இருப்பவருக்கும் வராது.

மொட்டைமாடியில் வைஃபை பரப்பும் கருவியான ஆக்சஸ் பாயிண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக் காற்றில் நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 முனை பச்சை பூத்துவிடும். முனையில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி, கேபிள் நுழையும் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்.

மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் இதே வேலையைச் செய்யும் ஹாட்ஸ்பாட் வசதியோடு ஒப்பிட்டால், ஒரு கூப்பனில் ஒரே நேரத்தில் ஒரு போனை மட்டும் விடுவது அதில் எளிது, ஷேர்டு யூசர்ஸ் (shared-users) என்ற அமைப்பை 1 என்று வைத்தால் முடிந்தது. ஆனால் லெவல் 4 உரிமத்தில் ஒரே நேரத்தில் 200 பேர்தான் உள்ளே இருக்க முடியும். பத்து, இருபது அறை லாட்ஜுக்கு ஓபன்என்டிஎஸ். அறைகளும் கட்டடங்களும் கூடி, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிந்தால் மைக்ரோடிக்.