ராஸ்பெரி ஷேக் 1டி: பி அலைக்கு நம்பலாம், ரிக்டர் எண்ணுக்கு நம்பக்கூடாது

வீட்டில் வைக்கும் நில அதிர்வுமானி வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது பெரும்பாலும் ராஸ்பெரி ஷேக் 1டி என்ற இந்தப் பெட்டியைத்தான். நல்ல கருவி. ஆனால் பலர் இதை நிலநடுக்கத்தின் அளவைச் சொல்லும் இயந்திரம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அலை எப்போது வந்து சேர்ந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டுவதில்தான் இதன் பலம் இருக்கிறது.

உள்ளே தரையசைவை உணரும் ஒரு ஜியோபோன், அதன் சமிக்ஞையை எண்களாக்கும் 24 பிட் பலகை, கீழே ராஸ்பெரி பை கணினி. ஜியோபோனில் காந்தம் கூட்டோடு ஒட்டியிருக்கும், கம்பிச்சுருள் மெல்லிய வில்லில் தொங்கும். தரை அசையும்போது காந்தமும் சேர்ந்து அசைகிறது, சுருளோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. இந்த வேக வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிவர, அதை நொடிக்கு 100 முறை பலகை பதிகிறது. ஆகவே திரையில் தெரியும் கோடு தரையின் வேகம். எத்தனை மைக்ரான் நகர்ந்தது என்று அதிலிருந்து நேரடியாகப் படிக்க முடியாது.

ஜியோபோனின் இயல்பு அலைவெண் 4.5 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே உணர்திறன் செங்குத்தாகச் சரியும். மின்சுற்று அதைத் தூக்கிப்பிடித்து ஏறத்தாழ 0.5 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகிறது, அவ்வளவுதான் முடியும். தூரத்துப் பெரிய நிலநடுக்கங்களின் மேற்பரப்பு அலைகளுக்கு அலைவு நேரம் 20 நொடி, அதாவது 0.05 ஹெர்ட்ஸ். அவை இந்தப் பெட்டியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். ஆனால் அதே நிலநடுக்கத்திலிருந்து முதலில் வந்துசேரும் அலையான பி அலை 1 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வருவதால் அழகாகப் பதிவாகும். 60 பாகை தொலைவில் (பூமியின் மையத்திலிருந்து அளக்கும் கோணம்) நடந்த பெரிய நிலநடுக்கத்தின் பி அலை வந்துசேரச் சுமார் 10 நிமிடம் ஆகும். 0.7 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டிப் பார்த்தால் இரைச்சலுக்குள்ளிருந்து அது எழுந்து நிற்பதைக் காணலாம். அருகில் நடப்பவற்றுக்கு 2 முதல் 10 ஹெர்ட்ஸ் பொருத்தம்.

பாதி வேலை வைக்கும் இடத்தில்தான். தரைத்தளம், கான்கிரீட் தரை, சுவரோர மூலை. கம்பளம், மரப்பலகை, மேசை எதுவும் ஆகாது. மூன்று கால் திருகுகளையும் ரசமட்டக் குமிழி நடுவில் வரும்வரை திருப்பிப் பூட்டுங்கள். வலைக்கம்பியை விறைப்பாக இழுக்காமல் தரையில் ஒரு வளையமாகத் தளர்த்தி விடவேண்டும், இல்லையென்றால் கம்பி அசைவதெல்லாம் பதிவாகும். பிறகு எந்த நேரத்தில் எந்த அலைவெண் பலமாக இருந்தது என்று காட்டும் நிறமாலைப் படத்தைத் திறந்து பாருங்கள். கிடைக்கோடாக மணிக்கணக்கில் ஓடினால் மோட்டார்: நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் மின்விசிறி 5 ஹெர்ட்ஸில் கோடு போடும், சரியாக நமக்கு வேண்டிய இடத்திலேயே. குறுகிய செங்குத்துப் பட்டைகள் காலடி, கதவு. நிலநடுக்கம் திடீரென்று தொடங்கி, உயர் அலைவெண் முதலில் மங்க, மெதுவாக வால் நீண்டு அடங்கும். இந்த வாலைப் பார்த்துப் பழகிவிட்டால் கதவைச் சாத்தியதை நிலநடுக்கம் என்று அறிவிக்கமாட்டீர்கள்.

தொலைவைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு இருக்கிறது. பூமியின் மேலோட்டில் பி அலை நொடிக்கு ஏறக்குறைய 6 கி.மீ., அதற்குப் பின்னால் வரும் எஸ் அலை 3.5 கி.மீ. வேகத்தில் ஓடும். இரண்டும் வந்துசேரும் நேரங்களுக்கு இடையிலான நொடிகளை 8 ஆல் பெருக்கினால் கி.மீ. கிடைக்கும்: 30 நொடி என்றால் சுமார் 240 கி.மீ. சில நூறு கி.மீ. வரைதான் இது செல்லும், அதற்கு மேல் பயணநேர அட்டவணை வேண்டும். இரண்டு வரவையும் ஒரே கடிகாரத்தில் அளப்பதால் கடிகாரம் பிசகியிருந்தாலும் இந்தக் கணக்கு கெடாது. ஆனால் மற்ற நிலையங்களோடு சேர்த்து நிலநடுக்க மையத்தைக் குறிக்கும்போது 1 நொடிப் பிசகு 6 கி.மீ. பிழையாக வந்து நிற்கும். கருவி நேரத்தை இணையத்திலிருந்து எடுப்பதால் இணைப்பு அறுந்தால் மெல்ல விலகத் தொடங்கும். இணைப்பு நம்பமுடியாத இடம் என்றால் ஜிபிஎஸ் செருகியைச் சேர்த்துவிடுங்கள்.

1டியின் உண்மையான குறை, மேல்-கீழ் அசைவை மட்டுமே அளப்பது. எஸ் அலையின் பெரும்பங்கு பக்கவாட்டில்தான் ஆடும், ஆகவே அதன் தொடக்கம் இங்கே மழுங்கித் தெரியும். சற்றுத் தாமதமாகக் குறித்துவிடும் வாய்ப்பு எப்போதும் உண்டு, 2 நொடி தவறினால் தொலைவு 16 கி.மீ. தவறும்.

இனி அளவு எண். அமெரிக்க நில அதிர்வியலாளர் சார்லஸ் ரிக்டர் 1935இல் வகுத்த அளவுகோல், வுட்-ஆண்டர்சன் என்ற கிடைமட்ட அதிர்வுமானியின் வீச்சை வைத்தது: 100 கி.மீ. தொலைவில் அது 1 மி.மீ. வரைந்தால் அளவு 3. இந்தப் பெட்டியின் தரவிலிருந்து அங்கே போக, முதலில் கருவியின் மறுமொழியை (ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் அது காட்டும் உணர்திறன்) நீக்கி, வேகத்தை இடப்பெயர்ச்சியாக்கி, பிறகு வுட்-ஆண்டர்சன் பார்த்திருந்தால் என்ன வரைந்திருக்கும் என்று கணிக்கவேண்டும். பைத்தானில் ஆப்ஸ்பை நூலகம் இதைச் செய்து தரும். அப்படியும் ஒற்றை நிலையம், ஒற்றை அச்சு, உள்ளூர் மண்ணின் பெருக்கம் எல்லாம் சேர்ந்து விடையை எளிதில் அரை அலகு தள்ளிவிடும். ஓர் அலகு ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, ஆகவே அரை அலகு என்பது ஐந்தரை மடங்கு ஆற்றல் பிழை. பெரிய நிலநடுக்கங்களுக்கு இன்று ஆய்வு மையங்கள் தருவது திருப்புத்திறன் அளவு (ஆங்கிலத்தில் மொமென்ட் மேக்னிட்யூட்). அதற்கு இங்கே பதிவாகாத நீண்ட அலைகளே தேவை.

மின்சாரம் சட்டென்று போவது மெமரி கார்டுக்கு எதிரி. இணையப் பக்கத்தில் உள்ள நிறுத்து பொத்தானை அழுத்தியே அணையுங்கள், சிறிய யுபிஎஸ் ஒன்றும் கட்டாயம்.

பலமான அதிர்வு அருகிலேயே வரக்கூடிய இடமென்றால் இதே வரிசையிலுள்ள 4டி வாங்குங்கள். ஜியோபோன் திணறி அலைமுகடு வெட்டுப்படும் இடத்திலும் அதிலுள்ள மூன்று முடுக்கமானிகள் பதிவைத் தொடரும். அவற்றின் சொந்த இரைச்சல் அதிகம் என்பதால் சின்ன அதிர்வுக்கு உதவாது. சிறு உள்ளூர் நடுக்கங்களை ஆராய விரும்புகிறவர்களுக்கு மூன்று ஜியோபோன் உள்ள 3டிதான் சரி, வைக்கும்போது வடக்குக் குறியை உண்மை வடக்குக்கு நேராகத் திருப்பி வைத்தால்.