பூட்லோடரில போன் பிடிபடேல்லையோ? கூகிள் ட்ரைவர், ஓல் இன் வன் பக்கேஜ், லினக்ஸ்: எது சரிவரும்

கொம்பியூட்டரில இருந்து போனுக்குக் கட்டளை குடுக்கிற டூல் ஏடிபி; அதில ஏடிபி டிவைசஸ் எண்டு அடிக்க போன் காட்டுது, ஆனா பூட்லோடருக்கு, அதாவது அண்ட்ரொய்ட் தொடங்க முதல் ஓடுற பகுதிக்கு, போனாப்பிறகு அங்க பாவிக்கிற டூலால ஃபாஸ்ட்பூட் டிவைசஸ் அடிச்சால் ஒண்டுமே வராது, கனபேர் இதில நிண்டுகொண்டு கேபிளை மாத்தி மாத்திக் கொழுவிக்கொண்டிருக்கினம். விஷயம் என்னெண்டால், பூட்லோடரில நிக்கிற போன் விண்டோஸுக்கு வேறயொரு சாமான், போனை விண்டோஸ் அடையாளம் காணுற நம்பரான புரடக்ட் ஐடியே மாறீடும். முதல் போட்ட ட்ரைவர் அதுக்கு ஒட்டாது, போனை பூட்லோடரிலேயே வச்சுக்கொண்டு ரெண்டாந்தரமும் போடவேணும்.

என்ர முதல் தெரிவு கூகிளின்ர யூஎஸ்பி ட்ரைவர் தான். ஸிப் ஃபைலை விரிச்சு வச்சிட்டு, டிவைஸ் மனேஜரில மஞ்சள் குறியோட அண்ட்ரொய்ட் எண்டு நிக்கிறதுக்கு அப்டேட் ட்ரைவர் குடுங்கோ. தானாத் தேட விடாதேங்கோ, எந்தப் போனுக்கு ட்ரைவர் ஒட்டுமெண்டு சொல்லுற ஐஎன்எஃப் ஃபைலுக்குள்ள பெரும்பாலும் கூகிளின்ர சொந்தப் போனுகளின்ர நம்பர் தான் இருக்கு, மற்றக் கொம்பனிப் போன் எண்டால் கைவிரிச்சிடும். லிஸ்டில நானே தெரிவுசெய்யிறன் எண்டு குடுத்து, ஹாவ் டிஸ்க் அமத்தி ஃபைலைக் காட்டி, அண்ட்ரொய்ட் பூட்லோடர் இன்டர்ஃபேஸை எடுங்கோ. பொருந்தாமல் போகலாம் எண்டு விண்டோஸ் எச்சரிக்கும், யெஸ் குடுங்கோ. சிலபேர் ஐஎன்எஃப்பைத் திறந்து தங்கட போன் நம்பரை எழுதுவினம், எழுதினவுடன ட்ரைவரை ஒருத்தரும் மாத்தேல்லை எண்டு காட்டுற சிக்னேச்சர் உடைஞ்சுபோம், பிறகு ஷிஃப்டை அமத்தி ரீஸ்டார்ட் பண்ணி 7 ஆம் ஒப்ஷனால சிக்னேச்சர் செக்கை நிப்பாட்டவேணும், தேவையில்லாத வேலை.

ட்ரைவரும் ஏடிபி, ஃபாஸ்ட்பூட்டும் ஒண்டாச் சேர்ந்து வாற ஓல் இன் வன் பக்கேஜ் லேசு தான், ஒரு கிளிக்கில முடியும். ஆனா கனக்க பக்கேஜுகளுக்குள்ள பழைய ஏடிபி இருக்கும், புதுப் போனுக்கு அது மக்கர் பண்ணும். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில கம்பஸ் தம்பி ஒராளின்ர லப்டொப்பில இப்பிடி ரெண்டு ஏடிபி ஏறி ஒண்டையொண்டு வெட்டிக்கொண்டு நிண்டது, அதைத் துப்புரவாக்கவே எனக்கு ஒரு பின்னேரம் போச்சு. எனக்கு இதில விருப்பமேயில்லை.

சாம்சுங் வச்சிருக்கிற ஆக்கள் ஃபாஸ்ட்பூட்டைத் தேடவேண்டாம், அதில ஃபாஸ்ட்பூட்டுக்குப் பதிலா டவுன்லோட் மோட் தான். ஓடினும் ஹைம்டாலும் சாம்சுங் போனுக்கு மென்பொருள் ஏத்திற டூல்கள்; ஓடின் பாவிக்க சாம்சுங் ட்ரைவர், ஹைம்டால் பாவிக்க ஸாடிக் எண்ட ட்ரைவர் மாத்திற டூல். ஸாடிக் போட்டால் பிறகு ஓடினுக்கு போன் தெரியாமல் போகும், ரெண்டையும் கலக்காதேங்கோ.

விண்டோஸோட மல்லுக்கட்டேலாது எண்டால் பென்ட்ரைவில உபுண்டு போட்டு லைவா பூட் பண்ணுங்கோ. ட்ரைவரே தேவையில்லை, ஃபாஸ்ட்பூட்டுக்கு முன்னால அட்மின் உரிமை குடுக்கிற சூடோ எண்ட சொல்லைப் போட்டால் காணும், பேர்மிஷன் பிரச்சினையும் வராது. கிழமைக்கு நாலைஞ்சு போன் பாக்கிற கடைக்காரருக்கு நான் இதைத்தான் சொல்லுவன். ஏடிபியும் ஃபாஸ்ட்பூட்டும் இருக்கிற பிளட்ஃபோம் டூல்ஸை மட்டும் முதலே இறக்கி வையுங்கோ, பூட்லோடரில நிக்கிற போனில இருந்து நெட் எடுக்கேலாது.

எதால போனாலும் யூஎஸ்பி 2 ஓட்டையில கொழுவிப் பாருங்கோ, ட்ரைவர் சரியா இருந்தும் யூஎஸ்பி 3 இல விட்டு விட்டுப் பிடிபடுறதை நான் கனதரம் கண்டிருக்கிறன். பூட்லோடரின்ர பூட்டைத் திறக்கிற அன்லொக் கொமாண்ட் அடிக்க முதல் படங்களை வேற இடத்தில கொப்பி பண்ணிப்போடுங்கோ, அதை அடிச்சால் போனில இருக்கிற எல்லாம் அழியும்.