பேஜட் எலும்பு நோய்: ஒரே ஒரு டிரிப்ஸா, மாதக்கணக்கில் மாத்திரையா?

எலும்பு கரைவதும் புதிதாகக் கட்டுவதும் தறிகெட்ட வேகத்தில் நடந்து, எலும்பு பருத்து வளைந்துபோவதுதான் பேஜட் நோய். நம் பக்கம் அரிது. அதனால் எந்த மருந்து என்பதற்கு முன், இது பேஜட்தானா என்று பார்க்க வேண்டும்.

ரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு கட்டும் வேகத்தைக் காட்டும் நொதி) மட்டும் ஏறி, கால்சியமும் பாஸ்பரஸும் சரியாக இருப்பது இதன் வழக்கம். ஆனால் வைட்டமின் டி குறைவிலும் அது ஏறும். புற்று எலும்புக்குப் பரவினாலும் ஏறும். சேலம், தருமபுரியில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள ஊர்க்காரர்களுக்கு ஃபுளோரோசிஸையும் (ஃபுளோரைடு எலும்பில் படியும் நோய்) மறக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் பிரித்தறியலாம்: ஃபுளோரோசிஸ் உடம்பெங்கும் அடர்த்தி கூட்டி, முன்கை எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்விலும் சுண்ணாம்பு படிய வைக்கும். பேஜட் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடிக்கும். பிடித்த எலும்பு பெருத்திருக்கும். வேறெங்கெல்லாம் பிடித்திருக்கிறது என்பதை போன் ஸ்கேன் காட்டிவிடும்.

இனி மருந்து. சோலெட்ரோனிக் ஆசிட் 5 மி.கி., நரம்பில் ஒரே தடவை, 15 நிமிடத்துக்குக் குறையாமல். மாத்திரை என்றால் ரைஸட்ரோனேட் தினம் 30 மி.கி. இரண்டு மாதம், அல்லது அலெண்ட்ரோனேட் தினம் 40 மி.கி. ஆறு மாதம். 2005-ல் வெளியான ஒப்பீட்டில் ஆறு மாத முடிவில் பலன் கண்டவர்கள் சோலெட்ரோனிக்கில் 96 சதவீதம், ரைஸட்ரோனேட்டில் 74. சிறுநீரகம் ஒத்துழைத்தால் டிரிப்ஸ்தான் எங்கள் தேர்வு.

மாத்திரை தோற்பது பெரும்பாலும் காலை வேளையில்தான். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் எழுந்ததும் காபி கேட்கும் வாய்க்கு இது சிரமம். காபியோடு போட்டால் அலெண்ட்ரோனேட் உடம்பில் சேருவது சுமார் 60 சதவீதம் குறையும். இன்னொன்று: மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 மி.கி. மாத்திரை வாரம் ஒன்று போடுவது. அது எலும்பு அடர்த்திக் குறைவுக்கான அளவு, பேஜட்டுக்குப் பற்றாது.

டிரிப்ஸுக்கும் முன்வேலை உண்டு. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் திறன், நிமிடத்துக்கு மி.லி. கணக்கில்) 35-க்குக் கீழ் என்றால் போடக் கூடாது. வைட்டமின் டி குறைவைச் சரிசெய்யாமல் ஏற்றினால் கால்சியம் சடாரென இறங்கி, கைகால் மரத்து இழுக்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் முன்பே முடித்துவிடுங்கள். ஏற்றிய பிறகு இரண்டு வாரமாவது கால்சியம், வைட்டமின் டி தவறக் கூடாது. முதல் மூன்று நாளில் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் பாராசிட்டமால் போதும்.

சேலத்தில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட் பார்த்து, பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடும் கோடர்களுக்கு: எந்த எலும்பு என்று சொல்லாத எம்88.9 போட்டு நகர்ந்துவிடாதீர்கள். மண்டை எம்88.0, முதுகெலும்பு எம்88.1, வலது தொடை எம்88.851, இடது தொடை எம்88.852, பல இடங்கள் எம்88.89. மார்பகப் பேஜட் புற்றுநோய். அது சி50-இல் போகும். மருந்துக்கு ஜே3489, ஒரு யூனிட் 1 மி.கி. என்பதால் 5 யூனிட். நர்ஸ் குறிப்பில் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள்: 16 நிமிடம் தொட்டால்தான் டிரிப்ஸ் ஏற்றியதற்கான 96365. சரியாக 15 என்றிருந்தால் அது புஷ் (நரம்பில் ஊசியாகச் செலுத்துவது) கணக்கு, 96374.