விழுந்த மரத்தையும் காட்டும் ஒரு காட்டுப் புத்தகம்

ஆறு வயது மகளுக்கு இரவில் வாசித்துக் காட்டுவதற்காக வாங்கிய, மரங்களையும் காடுகளையும் பற்றிய இந்தப் படப்புத்தகத்தை ஒரு மாதத்திற்குள் பத்து முறைக்கு மேல் புரட்டிவிட்டோம். பழுப்புத் தண்டின் மேல் ஒரு பச்சை உருண்டையை வைத்து அதை மரம் என்று சொல்லும் நூல்களையே அதிகம் பார்த்திருந்த எனக்கு, இதன் ஓவியர் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து வரைந்தவர் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. ஒரு தண்டு சாம்பல் நிறத்திலும், மற்றொன்று பச்சை படர்ந்த வெளிர் நிறத்திலும் நிற்க, பட்டையின் வெடிப்புகளுக்குள் எறும்புகள் வரிசையாக ஏறுகின்றன.

புத்தகத்தின் உயிர் நடுவில் வரும் இரட்டைப் பக்கத்தில் இருக்கிறது. விழுந்து மட்கிக்கொண்டிருக்கும் ஒரு மரம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கிடக்கிறது. பட்டை உரிந்த இடத்தில் வண்டுப்புழுக்கள் குடைந்த தடங்கள், அடியில் தட்டுத் தட்டாகக் காளான், மேலே பாசி, அந்தப் பாசியில் வேர்பிடித்து இரண்டே இலை விட்ட ஒரு கன்று. எத்தனையோ காட்டுயிர்கள் பட்ட மரத்தை நம்பியே வாழ்ந்தும், சிறுவர் நூல்கள் பெரும்பாலும் காட்டைப் பெருக்கித் துடைத்த பூங்காவாகவே வரைகின்றன. "அம்மா, இது செத்த மரமா, உயிரோடு இருக்கிற மரமா?" என்று மகள் கேட்டாள். பதில் சொல்வதற்கு முன், அதில் இருந்த உயிர்களை இருவரும் விரல் வைத்து எண்ணினோம்.

வேர்களை வரைந்த விதத்தில்தான் எனக்கு வருத்தம். மேலே எவ்வளவு கிளையோ கீழேயும் அவ்வளவு வேர் என்று, மரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்ததுபோல வரைந்திருக்கிறார்கள். உண்மையில் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே தங்கி, கிளைகளின் விரிவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. மரத்தைச் சுற்றிலும் சிமென்ட் போட்டு மூடினால் அது ஏன் வாடுகிறது என்பது, இந்தப் படம் சரியாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

அடுத்த பக்கத்தில் கண்ணும் வாயும் வைத்த 'தாய் மரம்' ஒன்று பூஞ்சை இழைகள் வழியே தன் கன்றுகளுக்கு ஊட்டுகிறது. பிர்ச், டக்ளஸ் ஃபிர் கன்றுகளுக்கிடையே கார்பன் இடம்பெயர்வதைக் காட்டியல் ஆய்வாளர் சுசான் சிமார்டும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் காட்டியது உண்மை. ஆனால் முதிர்ந்த மரம் தன் வாரிசை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் செய்த ஆய்வுகளில் சான்று இல்லை என்று 2023இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு கூறுகிறது. குழந்தையிடம் இதை உறுதியான செய்தியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இடத்தை 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் சோதனைக்காக வளர்த்த வில்லோ மரத்துக்குக் கொடுத்திருக்கலாம். அவர் தொட்டியில் நட்ட கன்று 5 ஆண்டுகளில் 164 பவுண்டு எடை கூடியது. தொட்டி மண்ணோ சுமார் 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்தது. தண்ணீரே மரமாகிவிட்டது என்று அவர் நினைத்தார். காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கு பிற்காலத்தில்தான் தெரியவந்தது. காற்றிலிருந்து கட்டை உருவாகிறது என்ற இந்த வியப்பு, புத்தகத்தில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

தாள் கனமானது, தையல் கட்டு என்பதால் இரட்டைப் பக்கங்கள் மடங்காமல் முழுதாக விரிகின்றன. ஐந்து வயதிலிருந்து வாசித்துக் காட்டலாம். வேர்ப் படத்துக்கு மட்டும் வேறொரு தாளில் சரியாக வரைந்து, அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறோம்.