கேரம் போர்டில் பனிமூட்டம்: மறைவு விதியோடு ஆறு வருஷம்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி, நடுவில் கேரம் போர்டு, அதன் மேல் கட்டம் போட்ட சார்ட் பேப்பர். ஆறு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் இங்கேதான் பாத்ஃபைண்டர் ஆடுகிறோம், ஆளுக்கொரு கதாபாத்திரமாகி டைஸ் உருட்டிச் சண்டை போடும் ஆட்டம், அதுவும் 2009-இல் வந்த முதல் பதிப்பு. இத்தனை நாளில் எங்களை அதிகம் அடித்துக்கொள்ள வைத்தது டிராகன் இல்லை, மறைவு விதி.

விதி சின்னதுதான். மங்கலான வெளிச்சத்தில் நிற்பவன் மேல் அடி விழுந்தாலும், அவன் சதவீத டைஸ் (1 முதல் 100 வரை காட்டும் இரண்டு டைஸ்) உருட்டுவான். 20-க்குள் வந்தால் அடி காற்றில் போச்சு. கண்ணுக்கே தெரியாதவன் என்றால் 50 வரை தப்பிக்கலாம். அவன் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்பதையும் நாமே ஊகிக்க வேண்டும்.

முதல் வருஷம் எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒரு நாள் டி20-இல், அதாவது அடி படுமா என்று பார்க்கும் இருபது முக டைஸில், 20 விழுந்து, கிரிட்டிகலும் (பலமான அடி) உறுதியாகி, நான் கத்தின கத்தலில் கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். எதிரே ஆட்டத்தை நடத்தும் ஜிஎம் நிதானமாகச் சதவீத டைஸ் உருட்டினார். ஒரு டைஸில் பத்து, இன்னொன்று ஓடிப்போய் கேரம் பாக்கெட்டில் விழுந்தது. கைவிட்டு எடுத்தால் செல்லாது என்று மறுபடி உருட்டினார். 14. அவ்வளவுதான்.

மனசு மாறியது ஒரு போகிக் காலையில். தெருவெல்லாம் புகை. பக்கத்தில் நின்ற தம்பி நிழலாகத் தெரிந்தான், அதைத் தாண்டி பைக் ஹாரன் மட்டும்தான். ஆட்டத்தில் வரும் பனிமூட்ட மந்திரமும் அப்படியே: ஐந்தடிக்குள் இருப்பவனுக்கு 20, அதற்கு அப்பால் 50. இருட்டில் பார்க்கும் குள்ளனின் கண்ணும் அங்கே உதவாது. அடிப்பவன் எவ்வளவு பெரிய வீரன் என்று புகை பார்ப்பதில்லை. கவசம் அப்படியில்லை, ஆள் தேறத் தேற அதை ஜெயித்துவிடலாம். மங்கல் வெளிச்சமும் பனியும் சேர்ந்தால் 40 ஆகிவிடாது, பெரியது எதுவோ அது மட்டும். கணக்குப் போட வராத எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஒன்றை மட்டும் இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. மறைவில் இருப்பவன் மேல் ரோக்கின், அதாவது திருடன் பாத்திரத்தின், மறைமுகத் தாக்குதல் (எதிரி அசந்த நேரத்தில் போடும் பலமான அடி) செல்லாது. ரோக் ஆடும் தம்பி கேட்டான், "இன்னாண்ணா, திருடனுக்கு இருட்டுலதான பொயப்பு? இங்க இருட்டுனாலே லீவா?" பதில் இல்லை. 2015-இல் வந்த அன்செயின்ட் ரோக்கில், அதாவது ரோக்கின் திருத்திய வடிவத்தில், முழு மறைவுக்கு (அந்த 50-க்கு) மட்டும்தான் அந்தத் தடை. அதையே எடுத்துக்கொண்டோம்.

இன்னொரு மாற்றம், அடிக்கும் உருட்டலையும் மறைவு உருட்டலையும் ஒரே நேரத்தில் செய்கிறோம். அடி வாங்குபவன் சதவீதம் உருட்டும்போதே நான் டி20 உருட்டிவிடுவேன். மறதியும் குறைந்தது, என் கத்தலும் குறைந்தது.

அப்புறம், நம்ம வில்லாளி குறி வைக்கும் நேரத்தில் நம்ம ஆளே பனிமூட்டம் போட்டால், அன்றைய டீக்காசு மந்திரம் போட்டவர் தலையில்.